மோசே செய்த பாம்பை எசேக்கியா ஏன் உடைத்தான்?

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தாத்தாவின் வேதாகமம் இருக்கிறது. கறுப்பு அட்டை, பக்க ஓரங்களில் வெளுத்துப்போன சிவப்புச் சாயம். வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருப்போம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தின ராத்திரி என்னுடைய ஹால் டிக்கெட்டை அதற்குள் வைத்துவிட்டுத்தான் தூங்கினேன். பன்னிரண்டாம் வகுப்பிலும் அப்படியே. கல்லூரிக்கு வந்த பிறகும் விடவில்லை. எந்தப் பக்கத்தில் வைத்தேன் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. படிப்பதற்கு வேறு சின்ன வேதாகமம் இருந்தது. (அதை எவ்வளவு படித்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.)

போன செமஸ்டரில் ஒருநாள் வைக்க மறந்துவிட்டேன். தேர்வு அறையில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியபோதுதான் அது உறைத்தது. உள்ளங்கை வியர்த்துவிட்டது. முதல் கேள்வி எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. ஆனால் மனசு முழுக்க அந்தக் கண்ணாடி அலமாரிதான் நின்றது. ஒரு பத்து நிமிடம் கழித்துத்தான் இன்னொரு விஷயம் தோன்றியது: அன்று காலை நான் ஜெபம் பண்ணவே இல்லை. அதைப் பற்றி எனக்குத் துளியும் பயம் வரவில்லை. துணியில் சுற்றிய புத்தகத்தைத் தொடவில்லை என்பதற்குத்தான் பயம்.

அன்று சாயங்காலம் பழைய ஏற்பாட்டில் ஓர் இடத்தைத் தேடிப் படித்தேன். ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதைதான். ஆனால் இந்த முறை அதைச் சுற்றியிருக்கும் வரலாற்றையும் கொஞ்சம் துருவிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நூலகத்திலும் இணையத்திலும் ஒரு மாதம் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

கதையின் முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். எண்ணாகமம் 21-ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் ஏதோம் தேசத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில் சோறு சரியில்லை, தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடிக்கின்றன, பலர் சாகிறார்கள். மோசே வேண்டிக்கொள்கிறான். வெண்கலத்தில் ஒரு பாம்பைச் செய்து கம்பத்தில் தூக்கி வை, கடிபட்டவன் அதைப் பார்த்தால் பிழைப்பான் என்று தேவன் சொல்கிறார். அப்படியே நடக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: பாம்புகள் போய்விட்டதாக அங்கே எழுதப்படவில்லை. கடி இருந்தது, பார்த்தவன் பிழைத்தான், அவ்வளவுதான்.

அதாவது இந்த வெண்கலப் பாம்பு யாரோ அண்டை நாட்டிலிருந்து கொண்டு வந்த அந்நிய விக்கிரகம் இல்லை. தேவன் செய்யச் சொல்லி, மோசே தன் கையால் செய்து, உண்மையிலேயே உயிர்களைக் காப்பாற்றிய பொருள். இதைவிட நல்ல சான்றிதழ் எந்தப் பொருளுக்கும் கிடைக்காது.

அதற்குப் பிறகு பழைய ஏற்பாட்டு வரலாற்றில் பாம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. யோசுவா காலத்தில் அதை யார் தூக்கிக்கொண்டு யோர்தானைக் கடந்தார்கள், நியாயாதிபதிகள் காலத்தில் எங்கே இருந்தது, எருசலேமுக்கு எப்போது வந்தது, ஒரு வரி கிடையாது. திடீரென்று 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம் நாலாம் வசனத்தில் தலைகாட்டுகிறது. எசேக்கியா ராஜா மேடைகளை அகற்றினான், சிலைகளைத் தகர்த்தான், கூடவே மோசே பண்ணிய வெண்கலச் சர்ப்பத்தையும் உடைத்தான், அதுவரை ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டி வந்தார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

நடுவில் எத்தனை வருடம்? 1 இராஜாக்கள் 6:1 எகிப்திலிருந்து புறப்பட்டதற்கும் சாலொமோன் ஆலயம் கட்ட ஆரம்பித்ததற்கும் இடையே 480 ஆண்டு என்கிறது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மோசேயின் பாம்புக்கும் எசேக்கியாவுக்கும் நடுவே ஏறக்குறைய 700 ஆண்டு. புறப்பாடு கி.மு. 13-ஆம் நூற்றாண்டில்தான் நடந்தது என்று சொல்கிறவர்களின் கணக்குப்படி பார்த்தாலும் 500-க்கு மேல். இவ்வளவு காலத்தில் எந்த நாளில் அது விக்கிரகமாக மாறியது? யாருக்குத் தெரியும்! பாம்பு மாறவில்லை. அதே வெண்கலம், அதே கம்பம். முதலில் குழந்தைகளுக்குக் காட்டிக் கதை சொல்லியிருப்பார்கள். அப்புறம் அதைத் துடைத்து வைக்க ஒரு ஆள் வந்திருப்பான். அப்புறம் ஒரு விளக்கு. இதெல்லாம் என் கற்பனைதான். ஆனால் ஒரே நாளில் யாரும் "இன்று முதல் இதைக் கும்பிடுவோம்" என்று முடிவெடுத்திருக்க மாட்டார்கள் என்பது நிச்சயம்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் இந்தக் கதையையே தலைகீழாகப் படிக்கிறார்கள். எருசலேமில் ஏற்கெனவே ஒரு பாம்பு வழிபாடு இருந்தது, அதற்கு மரியாதை தேடித் தருவதற்காக மோசேயின் பெயர் பிறகு ஒட்டப்பட்டது என்பது அவர்கள் வாதம். பாம்புச் சின்னம் அந்தப் பகுதியில் பரவலாக இருந்தது உண்மைதான். 1969-இல் பெனோ ரோத்தன்பர்க் என்ற தொல்பொருள் ஆய்வாளர், இஸ்ரேலின் தெற்குக் கோடியில் திம்னா என்ற பழைய செப்புச் சுரங்கப் பகுதியில் இருந்த சின்னக் கோயில் ஒன்றைத் தோண்டினார். முதலில் எகிப்தியரின் ஹாத்தோர் தேவிக்குக் கட்டப்பட்டது, பிறகு மீதியானியர் கைக்குப் போனது என்று கருதப்படுகிற கோயில். அங்கே ஒரு சாண் நீளம்கூட இல்லாத செப்புப் பாம்பு ஒன்று கிடைத்தது. தலையில் தங்கப் பூச்சு. மோசேயின் மாமனார் மீதியானிய ஆசாரியன் என்பதை யாத்திராகமம் படித்தவர்கள் உடனே நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பாம்புதான் இந்தப் பாம்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில், ஏறக்குறைய அந்தக் காலத்தில், செம்பில் பாம்பு செய்கிற வழக்கம் இருந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவே.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் எசேக்கியா காலத்து ஜனங்கள் அது மோசே செய்தது என்றுதான் நம்பினார்கள், 2 இராஜாக்களை எழுதியவரும் அப்படித்தான் எழுதுகிறார். அந்த நம்பிக்கைதான் அதை உடைப்பதைக் கஷ்டமாக்கியிருக்கும்.

சரி, அந்தப் பெயருக்கு வருவோம். நிகுஸ்தான். எபிரெயத்தில் பாம்புக்கு "நாகாஷ்", செம்புக்கும் வெண்கலத்துக்கும் "நெகோஷெத்". இரண்டும் ஒலியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பெயரை வைத்தது யார் என்பதில் மூலத்திலேயே கொஞ்சம் குழப்பம் உண்டு. "அவன் பெயரிட்டான்" என்றும் படிக்கலாம், "அது அப்படி அழைக்கப்பட்டது" என்றும் படிக்கலாம். இரண்டாவது சரியென்றால் அது ஜனங்கள் வைத்த செல்லப் பெயர். முதலாவது சரியென்றால் (நம் பழைய தமிழ் வேதாகமம் இந்தப் பக்கம்தான்) ராஜா அதைப் பார்த்து "சும்மா ஒரு வெண்கலத் துண்டு" என்று சொல்லிவிட்டான் என்று அர்த்தம்.

எனக்கு இந்த இரண்டாவது அர்த்தத்தில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. எது நமக்கு விக்கிரகமாகிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், அதை அதன் சாதாரணப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிகிறதா என்று பார்த்தால் போதும் போலிருக்கிறது. வெண்கலம் என்று சொன்னால் ஏன் கோபம் வருகிறது? காகிதமும் அட்டையும் என்று சொன்னால் எனக்கு ஏன் உள்ளுக்குள் திக் என்கிறது? அதற்குள் எழுதியிருக்கும் வார்த்தையை யாரும் குறை சொல்லவில்லையே!

எசேக்கியாவின் காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. வடக்கே இஸ்ரவேல் ராஜ்யம் கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது யூதா மட்டும். அந்த நேரத்தில் ஊர் ஊருக்கு இருந்த பலிபீடங்களை மூடிவிட்டு வழிபாட்டை எருசலேமுக்குக் கொண்டுவருகிறான். இதில் பக்தியோடு அரசியலும் கலந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதில் தப்பே இல்லை. தலைநகரின் பிடி இறுகும் அல்லவா.

இந்தச் சீர்திருத்தத்துக்கு மண்ணுக்கடியிலிருந்து சில சாட்சிகள் கிடைத்திருக்கின்றன. 1973-இல் தெற்கே பெயெர்செபா மேட்டில் யோகனான் அகரோனி குழுவினர் ஒரு பெரிய பலிபீடத்தின் கற்களைக் கண்டுபிடித்தார்கள். பலிபீடமாக இல்லை. யாரோ அதைப் பிரித்து, செதுக்கிய கற்களை ஒரு கிடங்கின் சுவரில் வைத்துக் கட்டிவிட்டிருந்தார்கள். நான்கு மூலைக் கொம்புகளையும் அடையாளம் கண்டு திரும்பச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு கல்லில் செதுக்கியிருந்தது என்ன தெரியுமா? ஒரு பாம்பு! அதேபோல 2016-இல் லாகீஸ் நகர வாசலில் இருந்த ஒரு வழிபாட்டு அறையைப் பற்றி அறிவிப்பு வந்தது. பலிபீடங்களின் கொம்புகள் வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருந்தன. உள்ளே கல்லால் செய்த கழிப்பிட இருக்கை ஒன்று. சோதித்துப் பார்த்ததில் அது உபயோகப்படுத்தப்பட்டதாகவே தெரியவில்லையாம், சும்மா அவமானப்படுத்துவதற்காக வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் எசேக்கியா செய்ததுதானா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் யாரோ, அந்தக் காலத்தை ஒட்டி, சொந்த ஜனங்கள் தொழுத இடத்தைத் தாங்களே மூடியிருக்கிறார்கள்.

அது சாதாரண மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு 2 இராஜாக்கள் 18-லேயே ஒரு இடம் இருக்கிறது, நான் முன்பு எத்தனையோ முறை கேட்டும் கவனிக்காத இடம்.

கி.மு. 701. அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வருகிறான். அவனுடைய சொந்தக் கல்வெட்டிலேயே யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்ததாகவும் பெருமை அடித்துக்கொள்கிறான். அவனுடைய தளபதி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று பேசுகிறான். அவன் சொல்வதில் ஒன்று: கர்த்தரை நம்புகிறோம் என்கிறீர்களே, அவருடைய மேடைகளையும் பலிபீடங்களையும்தானே உங்கள் ராஜா இடித்தான்? இனி அவர் எப்படி உங்களைக் காப்பாற்றுவார்?

உடனே எசேக்கியாவின் அதிகாரிகள் என்ன செய்கிறார்கள்? "எங்கள் பாஷையில் பேசாதே, அரமேய பாஷையில் பேசு, எங்களுக்குப் புரியும்" என்று கெஞ்சுகிறார்கள். ஏனென்றால் மதில்மேல் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரப்சாக்கே மாட்டேன் என்று இன்னும் சத்தமாக எபிரெயத்திலேயே கத்துகிறான்.

எதிரி எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடிக்கிறான். அந்த மதில்மேல் இருந்தவர்களில் எத்தனை பேர் மனசுக்குள் "நான் அப்போதே சொன்னேனே, மோசேயின் பாம்பில் கை வைத்திருக்கக் கூடாது" என்று நினைத்திருப்பார்கள்! நல்ல ஒன்றை இழந்த பிறகு ஒரு கஷ்டம் வந்தால் வருகிற அதே பயம். தேர்வு அறையில் எனக்கு வந்தது அதன் ஒரு துளி. (அவர்களுக்கு வெளியே அசீரியப் படை, எனக்கு வெளியே கண்காணிப்பாளர். ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான் :-) )

எருசலேம் விழவில்லை. ஏன் என்பதற்கு வேதாகமம் ஒரு காரணம் சொல்கிறது, அசீரியக் கல்வெட்டு கப்பப் பட்டியலைச் சொல்லிவிட்டு நகரத்தைப் பிடித்தேன் என்று சொல்லாமல் நழுவிவிடுகிறது. எப்படியோ, தப்பித்தார்கள்.

எசேக்கியா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அவனைப் பூப்போட்டு வைக்கவும் முடியவில்லை. சனகெரிப்புக்குப் பணம் கட்டுவதற்காக ஆலயக் கதவுகளில் இருந்த பொன்னைத் தானே உரித்துக் கொடுத்தவன் அவன். பாபிலோன் ராஜாவின் தூதர்கள் வந்தபோது ஒரு அறை விடாமல் பொக்கிஷத்தைத் திறந்து காட்டிப் பெருமைப்பட்டு, ஏசாயாவிடம் திட்டு வாங்கியவனும் அவன்தான். இன்னொரு வேடிக்கை. 2009-இல் எருசலேமில் எய்லாத் மசார் குழுவினர் தோண்டியபோது கிடைத்த களிமண் முத்திரை ஒன்றை 2015-இல் வெளியிட்டார்கள். ஆகாசின் மகன், யூதாவின் ராஜா எசேக்கியாவின் முத்திரை. நகத்தளவுதான் இருக்கும். அதன் நடுவே இருப்பது சிறகு விரித்த சூரியன், பக்கத்தில் எகிப்தியரின் ஜீவச் சின்னம். பாம்பை உடைத்த கையில் இருந்த முத்திரை அது! அதற்கு அவன் தூபங்காட்டவில்லை, அந்தக் காலத்து அரச அலங்காரம் என்று விட்டுவிடலாம்தான். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று. அவனுடைய மகன் மனாசே அப்பா இடித்த மேடைகளை எல்லாம் திரும்பக் கட்டினான் என்று 21-ஆம் அதிகாரம் விவரமாகப் பட்டியல் போடுகிறது. பாம்பு அதில் இல்லை. மோசே செய்ததைத் திரும்பச் செய்ய முடியாதே. நாளாகமப் புத்தகத்தை எழுதியவர் எசேக்கியாவின் சீர்திருத்தத்தை மூன்று அதிகாரத்துக்கு விலாவாரியாக எழுதிவிட்டு, பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடுகிறார். மோசேயின் பெயருக்குக் கூச்சப்பட்டு விட்டாரோ என்னவோ.

இனி வருவதுதான் என்னை உண்மையில் உலுக்கிய பகுதி. பாம்பு போய்விட்டது. ஆனால் 701-இல் தப்பித்த ஞாபகம் இருந்தது. அந்த விடுதலை நல்லது, உண்மையானது, தேவனிடமிருந்து வந்தது என்று அவர்கள் நம்பியது. அந்த ஞாபகமே ஒரு நூறு வருடத்தில் அடுத்த பாம்பாகிவிட்டது. சுற்றிலும் எல்லாப் பட்டணமும் விழுந்தபோது இந்தப் பட்டணம் நின்றது, ஆகவே ஆலயம் இருக்கும்வரை எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆகிவிட்டது.

கி.மு. 609 வாக்கில், யோயாக்கீம் ஆட்சிக்கு வந்த புதிதில், எரேமியா ஆலய வாசலில் நின்று இதைத்தான் உடைக்கப் பார்க்கிறார். 7-ஆம் அதிகாரம். கர்த்தரின் ஆலயம் என்று மந்திரம் மாதிரி மூன்று முறை சொல்லிக்கொண்டால் போதுமா, அந்நியனையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து நின்றால் ஆயிற்றா என்று கேட்கிறார். சீலோவுக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயும் ஒரு காலத்தில் கர்த்தருடைய வாசஸ்தலம் இருந்ததே என்கிறார். கேட்டவர்களில் முதலில் கோபப்பட்டவர்கள் யார்? ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும்! இவன் சாக வேண்டும் என்று பிடித்துக்கொள்கிறார்கள். மூப்பர் சிலர் எழுந்து, எசேக்கியா காலத்தில் மீகாவும் இதே மாதிரிதானே சொன்னான், ராஜா அவனைக் கொன்றானா, பயந்து கர்த்தரிடம் வேண்டிக்கொண்டானே என்று நினைவுபடுத்தியதால் எரேமியாவின் தலை தப்பியது (26-ஆம் அதிகாரம்). அதே செய்தியைச் சொன்ன உரியா என்பவனை எகிப்து வரை துரத்திப் பிடித்து வந்து வெட்டினார்கள்.

அதே எசேக்கியா. ஆனால் அவன் காலத்து ஞாபகம் இரண்டு விதமாக ஜனங்களிடம் இருந்திருக்கிறது. மூப்பர்களுக்கு அவன் மனம் திரும்பியது ஞாபகம். மற்றவர்களுக்குப் பட்டணம் தப்பியது மட்டும் ஞாபகம்.

கி.மு. 586-இல் நேபுகாத்நேச்சாரின் படை ஆலயத்தைக் கொளுத்தியது. 2 இராஜாக்களின் கடைசி அதிகாரத்தில் ஒரு விவரம் வருகிறது. ஆலயத்தில் இருந்த பெரிய வெண்கலத் தூண்களையும் வெண்கலக் கடல்தொட்டியையும் கல்தேயர் உடைத்து, அந்த வெண்கலத்தை எல்லாம் பாபிலோனுக்குக் கொண்டு போனார்கள். முதல் முறை வெண்கலத்தை உடைத்தது சொந்த ராஜா. இரண்டாம் முறை எதிரி.

பாம்பின் கதை அங்கே முடியவில்லை. சபை வரலாற்றில் விக்கிரகம் பற்றிச் சண்டை வரும்போதெல்லாம் யாராவது அதை வெளியே எடுக்கிறார்கள். 1522-இல் விட்டன்பர்க்கில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். லூத்தர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்த நேரம். ஊரில் கார்ல்ஷ்டாட் என்ற பேராசிரியர் ஆலயங்களில் இருக்கும் சொரூபங்களை எல்லாம் அகற்ற வேண்டும் என்று அந்த ஜனவரியில் ஒரு பிரசுரம் எழுதினார். சூடான எழுத்து. ஆனால் அதில் அவர் தன்னைப் பற்றியே ஒன்றை ஒத்துக்கொள்கிறார்: சின்ன வயதிலிருந்து சொரூபங்களை மதித்தே வளர்ந்ததால் தன் உள்ளத்தில் ஒரு பயம் ஊறிப்போயிருக்கிறது, அதைத் துரத்த நினைத்தும் முடியவில்லை என்கிறார். இந்தப் பகுதியைப் படித்தபோது அவர் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

மார்ச்சில் லூத்தர் திரும்பி வந்து தொடர்ந்து எட்டு நாள் பிரசங்கம் செய்தார். அவரும் வெண்கலப் பாம்பை எடுக்கிறார். பாம்பு இருந்ததற்காக உடைக்கப்படவில்லை, வணங்கியதற்காகத்தான் உடைக்கப்பட்டது, எனவே முதலில் ஜனங்களுக்குப் போதியுங்கள், கலவரம் பண்ணாதீர்கள் என்பது அவர் நிலை. சூரியனையும் சந்திரனையும்கூட ஜனங்கள் வணங்குகிறார்கள், அதற்காக அவற்றை வானத்திலிருந்து பிடுங்கிவிடுவோமா என்று கிண்டல் செய்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு இருவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை. வெளியே இருப்பதை உடைப்பதால் உள்ளே இருப்பது போகாது என்பதில் லூத்தர் சரி. ஆனால் வெளியே இருப்பது அப்படியே இருக்கும்போது உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாது என்பது கார்ல்ஷ்டாட்டின் அனுபவம், என்னுடையதும்தான்.

உடைப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஜூரிச் நகரில் ஸ்விங்ளியின் சீர்திருத்தத்தில் 1524 கோடையில் ஆலயக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு சொரூபங்களை ஒழுங்காகக் கழற்றி எடுத்தார்கள், சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். ஆர்கனும் நின்றது, 1527-இல் பெரிய ஆலயத்தின் ஆர்கனையே பிரித்தார்கள். இத்தனைக்கும் ஸ்விங்ளி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த இசைக்காரர்! ஆராதனையில் பாட்டு திரும்ப வர 1598 ஆகிவிட்டது. இரண்டு மூன்று தலைமுறை பாடாமலே ஆலயம் போய் வந்திருக்கிறது. இசையை நேசித்தவரே இசையை வெளியே அனுப்பினார் என்பதில் ஒரு நேர்மை தெரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒரு விஷயம். இத்தாலியில் மிலான் நகரத்து அம்புரோஸ் ஆலயத்தில் ஒரு தூணின்மேல் வெண்கலப் பாம்பு ஒன்று இன்றும் சுருண்டு நிற்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அர்னோல்ஃபோ என்ற பேராயர் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து கொண்டு வந்ததாக மரபு. அது மோசேயின் பாம்பேதான் என்று ஜனங்கள் நம்பினார்கள். குழந்தைகளுக்கு வயிற்றில் பூச்சி என்றால் தாய்மார்கள் அங்கே தூக்கிக்கொண்டு வந்து வேண்டிக்கொள்வார்களாம். எசேக்கியா உடைத்த துண்டுகள் ஒட்டிக்கொண்டு மிலானுக்கு எப்படிப் போயின என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. சிரித்துவிட்டு, அப்புறம் பிள்ளைக்குச் சுகமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்த அந்த அம்மாவை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. எண்ணாகமத்தில் அதை முதன்முதலில் நிமிர்ந்து பார்த்தவர்களும் அதே மாதிரி அம்மாக்கள்தானே.

தாத்தாவின் வேதாகமத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போது அதையே எடுத்துப் படித்தால் என்ன என்று தோன்றியது. துணியை அவிழ்த்து மேசையில் வைத்தேன். 2 இராஜாக்கள் பகுதியில் பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, ஸ்கேல் வைத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆனால் சங்கீதம் பகுதி அப்படி இல்லை. பக்க ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, பென்சில் கோடு, ஒரு இடத்தில் யாருக்கோ கொடுத்த கடன் கணக்கு. தாத்தா அதைத் துணியில் சுற்றவில்லை. சாப்பிட்ட கையோடு புரட்டியிருக்கிறார். சுற்றி வைத்தது நாங்கள், அவர் போன பிறகு.

அன்றிலிருந்து அதை வெளியேதான் வைத்திருக்கிறேன். ராத்திரி அம்மா அதைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். "பெரியவங்க பொருளை இப்படி மேசையில போட்டு வைக்காத" என்று ஒரு திட்டு. காலையில் நான் மறுபடி எடுத்து வைக்கிறேன். இதைப் பற்றி இதுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த செமஸ்டர் தேர்வு நவம்பரில். ஹால் டிக்கெட் இன்னும் வரவில்லை.